இரண்டு ஆராதனை நடந்த லெந்துகாலம்

பெங்களூர் அல்சூரில் நம் கோயிலில் ஒரு லெந்துகாலம் முழுக்க, ஈஸ்டர் வரை, ஒரே நேரத்தில் இரண்டு ஆராதனை நடந்தது, உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் நான் இதைக் கேட்பதுண்டு. "ஏதோ கமிட்டி தகராறு, இல்ல?" என்பார்கள். அதோடு பேச்சு மூட்டுவலிக்கும் பேரப்பிள்ளைகளின் விசாவுக்கும் போய்விடும். சண்டே ஸ்கூல் பிக்னிக்கில் லால்பாக்கில் தொலைந்துபோன பையனை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கிறிஸ்மஸ் நாடகத்தில் சாஸ்திரி வேடம் போட்டவனின் தாடி கழன்று விழுந்தது நினைவிருக்கிறது. இது மட்டும் இல்லை. எனக்கு மறக்க முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். கோயிலுக்குள் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியத்தோடு ஒரு கூட்டம் பாடும். வெளியே, மதிலை ஒட்டிய பள்ளிக்கூட முற்றத்தில், வாடகை ஷாமியானாவுக்குக் கீழே இன்னொரு கூட்டம் மைக் வைத்துப் பாடும். உள்ளே எங்கள் அப்பா. வெளியே எங்கள் பெரியப்பா. இரண்டு பக்கமும் ஒரே பாட்டுப் புத்தகம் என்பதால் சில ஞாயிறுகளில் இரண்டு பக்கமும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். ஆனால் ஒன்றாகத் தொடங்க மாட்டார்கள். உள்ளே ஒரு வரி முடியும்போது வெளியே அதே வரி பாதியில் இருக்கும். பெரியவர்கள் அதைக் கேட்காதது போல் இன்னும் உரக்கப் பாடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து வெளிப்பாட்டில் என் அக்காவின் குரலைத் தேடிக்கொண்டிருப்பேன். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். எனக்கு மூத்தவள். இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டுவதிலிருந்து சைக்கிள் ஓட்டுவது வரை எனக்கு எல்லாம் அவள்தான்.

இன்றைக்கும் கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது, பின்னால் யாரோ அரை வரி தாமதமாகப் பாடுவது போல் எனக்குக் கேட்கும். திரும்பிப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன்.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். திருவிருந்துக்கு எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதா, ஆளுக்கொரு சின்ன கிளாஸில் குடிப்பதா என்பதுதான்.

நம் கோயிலில் ஒரு வெள்ளிப் பாத்திரம் இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்துச் சாமான். முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்துபோய் ஆல்டருக்கு முன்னால் முழங்கால் போடுவோம். ஐயர் அந்தப் பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்து, வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் நகர்வார். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

பெரியப்பா கார்ப்பரேஷனில் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அவர் மேல் எப்போதும் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். கை குலுக்கிவிட்டுக் கை கழுவுகிறவர். அந்தப் புதுவருஷக் கமிட்டியில் அவர் எழுந்து, ஒரே பாத்திரம் நோயைப் பரப்பும், ஆளுக்கொரு கிளாஸ் வேண்டும் என்றார். மருந்து அளக்கும் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களை மாதிரிக்குக் கொண்டுவந்து மேஜைமேல் அடுக்கியும் காட்டினார். கமிட்டிச் செயலாளர் எங்கள் அப்பா. ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மீசை முனையைக்கூட ஒழுங்காக வைத்திருக்கிறவர். "ஆண்டவர் கையில எடுத்தது ஒரே பாத்திரம். அதை மாத்த நாம யாரு?" என்று அவர் எழுந்தார்.

சுகாதாரம், பாரம்பரியம். இந்த இரண்டு சொற்களையும் நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த ஜனவரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில். தெருவில் விளையாட ஆள் பிரிக்கும்போதுகூட, "நீ சுகாதாரமா, பாரம்பரியமா?" என்று கேட்டுப் பிரித்துக்கொண்டோம்.

யாரும் வாயால் சொல்லாத ஒன்றும் இருந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் ஏரிக்கு அந்தப் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து பல குடும்பங்கள் சபையில் சேர்ந்திருந்தன. குப்பை அள்ளுகிறவர்கள், சாக்கடை வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். அவர்கள் கடைசி வரிசைகளில் உட்காருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பு ஒரே பாத்திரத்தால் யாருக்கும் எந்த நோயும் வந்ததாக யாரும் பேசவில்லை. இது சின்னப் பிள்ளையான எனக்கே மங்கலாகத் தெரிந்திருந்தது. அதனால் நான் அப்பா பக்கம். என் அப்பா அந்த ஜனங்களோடு ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவர் என்று எனக்குப் பெருமை.

வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஐயர் ஒல்லியானவர். குரலும் ஒல்லி. லெந்தின் முதல் ஞாயிறன்று உள்ளேயும் பிரசங்கம் பண்ணினார், அங்கியைக் கழற்றாமலே வெளியே ஓடி ஷாமியானாவிலும் அதையே பண்ணினார். "மேல ஏறி யாரும் ஒண்ணாக முடியாதுங்க. மேல இடம் கம்மி. கீழ எறங்கினா எல்லாருக்கும் இடம் இருக்கு. சீஷர்கள் காலைக் கழுவ ஆண்டவர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கினார். நாம ஏன் நாற்காலிமேல நிக்கிறோம்?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நல்ல பிரசங்கம். அண்ணனுக்கு உறைச்சிருக்கும்" என்றார். மறுநாள் பால் பூத்தில் பெரியப்பாவும் அதையே சொன்னாராம், தம்பிக்கு உறைத்திருக்கும் என்று.

அந்த வாரம் ஐயர் இரண்டு குடும்பத்தையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஹாலில் இரண்டு நாற்காலி, நடுவில் நீல எனாமல் பேசின், வெந்நீர், மடித்த துண்டு. நானும் அக்காவும் உள்ளறைக் கதவிடுக்கில் நின்றோம். ஐயரம்மா எங்கள் கையில் ஆளுக்கொரு பிஸ்கெட்டைத் திணித்து, "சத்தம் போடக்கூடாது" என்றார்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கால் கழுவிவிடுங்க. வேற எதுவும் பேச வேணாம்" என்றார் ஐயர்.

அப்பா உடனே சட்டைக் கையை மடித்தார். "நான் சின்னவன். நான் அண்ணன் காலைக் கழுவுறேன்."

பெரியப்பாவும் எழுந்துவிட்டார். "இல்ல, நீ உக்காரு. பெரியவன் எறங்கறதுதானே தாழ்மை? நான் கழுவுறேன்."

"அது எப்படி? நீங்க காலை நீட்டுங்க."

"நீதான் நீட்டேன். ஏன், அண்ணன் கை பட்டா கொறைஞ்சிடுவியா?"

"உங்க கையை டெட்டால் போட்டுக் கழுவிட்டுத்தானே தொடுவீங்க!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. உள்ளே போன பிஸ்கெட் மூக்கில் ஏறியது. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. இருவருமே குனிந்து கழுவத் தயார். காலை நீட்டிக்கொண்டு உட்காரத்தான் இருவராலும் முடியவில்லை. இது எனக்கு இப்போதுதான் புரிகிறது. குனிந்தவன் ஜெயித்துவிடுவான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போனார், பெரியப்பா வேறு வழியாகப் போனார். ஐயர் தரையில் பேசினுக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஆறிப்போய், ஐயரம்மா அதைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

நானும் அக்காவும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் கடைசி.

அதன் பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சட்டம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான், கைக்கெட்டும் உயரம். பெரியப்பா கட்சியார் கோயில் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஒருநாள் அப்பா ஃபேக்டரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பையில் அந்த வெள்ளிப் பாத்திரத்தை வைத்துக் கொண்டுவந்து, அம்மாவின் கல்யாணப் புடவையில் சுற்றி, பீரோவில் பூட்டினார். ஞாயிறுதோறும் அதே பையில் கோயிலுக்குப் போய் அதே பையில் திரும்பி வரும்.

பாத்திரம் வீட்டில் இருந்த அந்த நாட்களில் நாங்கள் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. அம்மா பீரோவைத் திறந்தால் நாப்தலின் வாசனையோடு லேசாகப் புளித்த திராட்சரசத்தின் வாசனையும் வரும். அந்த அறையில் படுக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆண்டவருடைய சாமான் நம் வீட்டில் பூட்டிக் கிடக்கிறதே, அவர் கேட்டு வந்தால் என்ன சொல்வது என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பாவைக் கேளு" என்றாள் அம்மா. கேட்கத் தைரியமில்லை.

லெந்தின் நடுவில் பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஊர்ச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு அது எந்தத் தண்ணீரில் வந்ததோ. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. மதிலுக்கு மேலாக நான் எட்டிப் பார்க்கும்போது பெரியம்மா துணி அலசிக்கொண்டே இருப்பார். அக்கா தலைநிமிர மாட்டாள். பெரியப்பாவைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கப் பெரியம்மாவால் முடியவில்லை. லைன் வீட்டு ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், விதவை, நல்ல பலசாலி. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். வாயும் பலம்தான்.

லெந்தின் கடைசி வாரமான பெரிய வாரத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஐயர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்ததால் அவர் கழுத்துப்பட்டை நனைந்திருந்தது.

"டாக்டர் கையை விரிச்சிட்டாருங்க. உங்க அண்ணன் திருவிருந்து கேக்கறார். பாத்திரத்தைக் குடுங்க, போயிட்டு வந்து திருப்பிக் குடுத்துடறேன். நீங்களும் கூட வாங்க" என்றார்.

அப்பா சாப்பாட்டிலிருந்து எழவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவருக்குத்தான் சின்ன கிளாஸ் போதுமே" என்றார்.

 ஐயர் படியிறங்கினார்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கை துடைத்தாள். "வா பாப்பா" என்று என் கையைப் பிடித்தாள். அப்பா, "எங்க?" என்றார்.  அப்பாவின் கேள்விக்கு அம்மா பதில் சொல்லாமல் வெளியே போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பாவின் அறையில் ஜன்னலை அடைத்து ஈரத்துணி தொங்கவிட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை எங்கே போனதோ, வேறு ஒரு வாசனை, இனிப்பாக, அழுகிய பழம் மாதிரி. கண் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்து, "பாப்பா வந்துட்டாளா" என்றார். அக்கா சுவரோரம் நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகரவுமில்லை, என் கையைப் பிடிக்கவுமில்லை.

ஐயர் திராட்சரசம் கொண்டுவந்திருந்தார், ஊற்றக் கிண்ணம் இல்லை. ஷாமியானா கட்சியின் சின்ன கிளாஸ்கள் பள்ளிக்கூட அலமாரியில் பூட்டியிருந்தன, சாவி வைத்திருந்தவர் ஓசூருக்குப் போயிருந்தார். பெரியம்மா சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார். தினமும் பெரியப்பா காபி குடிக்கிற டம்ளர். ஐயர் அதில் ஊற்றி ஜெபம் பண்ணினார். ஆயாம்மா பெரியப்பாவின் தலையைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு பெரியம்மா. பிறகு என் அம்மா. டம்ளர் அதோடு திரும்பப் போனது.

"அவங்களுக்கும் குடுங்க" என்றார் பெரியப்பா.

ஆயாம்மா அவர் தலையைத் தலையணையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் இன்னாத்துக்கு? கோயில்ல வாங்கிக்கிறேன்."

"இங்கயே வாங்கிக்கம்மா."

"ஏன் சார், தெரியாமதான் கேக்கறேன். ஒரே கிளாஸ்ல குடிச்சா ஆவாதுன்னுதானே வெளிய பந்தல் போட்டீங்க? அந்தச் சுகாதாரம் இப்ப எங்க போச்சு?"

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஐயர் டம்ளரோடு நடுவில் நின்றார். பெரியப்பாவின் வயிறு குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன், சிரித்திருக்கிறார்.

"போச்சும்மா" என்றார். "எங்கயோ போச்சு."

ஆயாம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். மனம் இளகியதாகத் தெரியவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி டம்ளரை வாங்கினார். குடித்துவிட்டு ஐயரிடம் கொடுத்தார். பெரியப்பாவின் போர்வையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

மிச்சத்தை ஐயர் குடித்து முடிக்க வேண்டும், அதுதான் முறை. அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது பெரியப்பா கையை லேசாகத் தூக்கினார்.

"தம்பிக்குக் கொஞ்சம் வைங்க."

ஐயர் தயங்கினார். அப்படி வைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அம்மா ஒரு சாஸரை எடுத்து நீட்டினாள். அவர் டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு நடந்தாள். நான் முன்னால் ஓடிக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அப்பா சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அம்மா டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்கண்ணன் குடுத்தனுப்பினார்."

அப்பா சாஸரை எடுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு வாய் இருக்கும். அவர் முகம் மாறியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

"யார் யார் குடிச்சாங்க?"

"அவர், உங்க அண்ணி, நான்."

"வேற?"

"ஆயாம்மா."

அப்பா சாஸரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அது டம்ளரைச் சரியாக மூடவில்லை. "இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அன்று தெரியவில்லை. என் பிள்ளைகளைத் திருவிருந்துக்குக் கூட்டிக்கொண்டுபோன வயதில்தான் தெரிந்தது. நாங்கள் எப்போதும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா எப்போதும் வரிசையின் ஓரத்தில், முதலில் முழங்கால் போடும் இடத்தில் இருந்தார். ஒரே பாத்திரத்துக்காக ஊரையே எதிர்த்தவர், அந்தப் பாத்திரத்தில் யார் வாயும் படுவதற்கு முன்னால் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்ட சின்ன கிளாஸைத் தம்பி கேட்காமலே வைத்திருந்தார்.

டம்ளர் சாயங்காலம் வரை மேஜையில் இருந்தது. அப்பா அதைக் கடந்து போவார், வருவார். ஒருதடவை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்துபோய்க் கைகால் கழுவினார். வெளியே அந்த வருஷத்தின் முதல் மழை பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. மண் வாசனை வந்தது. அந்த மழைச் சத்தத்துக்கு நடுவில்தான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. பாட்டில் நான் தேடிக்கொண்டிருந்த குரல். அவள் "அப்பா" என்று மட்டும்தான் கத்தினாள்.

அப்பா மேஜைக்கு வந்து சாஸரை எடுத்தார். ரசத்தில் எறும்பு மொய்த்திருந்தது. சாஸரின் இடைவெளி வழியாக உள்ளே போய், நிறைய எறும்பு, செத்து மிதந்தது. அம்மா, "கீழ ஊத்திடுங்க" என்றாள். அப்பா எறும்போடு குடித்தார். கடைசிச் சொட்டுவரை தலையை அண்ணாந்து குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, செருப்புப் போடாமல், மழையில் அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை காபியோ தண்ணீரோ எதைக் கொடுத்தாலும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். என் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார், "உங்கப்பா ரொம்ப சுத்தம் பாப்பாரோ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பெரியப்பாவின் அடக்க ஆராதனைக்குக் கோயிலின் பெரிய கதவை அப்பாதான் திறந்தார். ஷாமியானா கட்சியெல்லாம் உள்ளே வந்து ஒருபக்கம் உட்கார்ந்தார்கள். வெள்ளிப் பாத்திரத்தை அன்றைக்கே கொண்டுவந்து ஆல்டரில் வைத்திருந்தார். எல்லோரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடினோம். அக்கா மட்டும் பாடவில்லை.

கல்லறையில் மண் போட்டு முடித்ததும், அத்தனை பேர் முன்னால் அப்பா பெரியம்மாவின் காலில் விழுந்தார். அவருடைய மீசையில் சேறு. "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க" என்று உரக்க அழுதார். கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கியது. ஐயர்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பெரியம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"எழுந்திருங்க தம்பி. இதையும் நாலு பேர் பாக்கத்தான் பண்ணணுமா?"

அப்பா மெல்ல எழுந்தார். முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை.

உயிர்த்த ஞாயிறன்று நாங்கள் வழக்கம்போல முன்வரிசைக்குப் போனோம். அப்பா எங்களோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால், பாதி உடம்பு மறைந்து உட்கார்ந்திருந்தார். திருவிருந்து நேரத்தில் வரிசை வரிசையாக எல்லோரும் போய்வந்தார்கள். கடைசியாக லைன் வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள், அவர்களோடு அப்பா. முழங்கால் போட்டபோது ஆயாம்மா அவருக்குப் பக்கத்தில். ஐயர் பாத்திரத்தோடு வந்தார். ஆயாம்மா பழக்கதோஷத்தில் பின்னால் ஒதுங்கி, "நீங்க குடிங்க சார்" என்றார்.

"இல்லம்மா. நீங்க குடிங்க."

அந்த ஜனங்கள் யாரையும் அப்பா 'நீங்க' என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ஐயர் இருவருக்கும் நடுவில் நின்றார். ஐயர் வீட்டு ஹாலில் நடந்தது மறுபடி நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆயாம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார், குடித்தார். ஐயர் துணியால் துடைக்கப் போனார். அப்பா அதற்குள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது நடந்த ஊர் நம் ஊர்.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் பாதி பெஞ்ச் காலி. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் காலி. அடக்கத்துக்கு உள்ளே வந்த ஷாமியானா கட்சி மறுபடி வெளியே போயிருந்தது. அப்பாவோடு பாரம்பரியத்துக்காகத் தொண்டை கிழியப் பேசியவர்கள் ஒவ்வொருவராக ஷாமியானாப் பக்கம் போய்விட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. "பிள்ளைங்களுக்கு அங்க சண்டே ஸ்கூல் நல்லா இருக்கு" என்றார்கள். "நமக்கு ஸ்வல்ப சுகாதாரம் முக்கியம்" என்று ஒருவர் பஸ் ஸ்டாப்பில் அம்மாவிடமே சொன்னார். பெரியப்பா உயிரோடு இருந்தபோது சேராத கூட்டம் அவர் செத்த பிறகு சேர்ந்தது. அந்த வருஷமே நிலம் வாங்கித் தகரக் கூரை போட்டார்கள், பிறகு பெரிய கோயிலாகவே கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் லைன் வீட்டுக்காரர்களும் நாங்களும் இன்னும் சில குடும்பங்களும்தான் மிஞ்சினோம். ஐயரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் அப்பாவிடம், "நான் ஒண்ணாக்க வந்தேன், ரெண்டாக்கிட்டுப் போறேன்" என்றாராம். அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. கடைசிவரை அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், கடைசியாகக் குடித்தார். அது பிராயச்சித்தமா, தண்டனையா, அண்ணனுக்குச் சொல்ல விட்டுப்போன பதிலா என்று நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் யார் அப்பாவிடம் இப்படியெல்லாம் கேட்டோம்?

பெரியம்மா வீட்டை மாற்றிக்கொண்டு போனார். அக்கா என்னோடு மறுபடி பேசியது பெரியம்மாவின் அடக்கத்தன்றுதான், எங்கள் இருவருக்கும் தலை நரைத்த பிறகு. இப்போது அவள் ஹெப்பகோடியில் மகனோடு இருக்கிறாள். வாரம் ஒருமுறை போனில் பேசுகிறோம். முட்டி, சர்க்கரை, மருமகள். அந்த லெந்தைத் தவிர எல்லாம் பேசுவோம்.

கொரோனா அடங்கிக் கோயில்களைத் திறக்கலாம் என்று சொன்னபோது எங்கள் கமிட்டி கூடியது. முகக்கவசத்தோடு, ஆளுக்கொரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தோம். ஆயாம்மாவின் பேத்திதான் இப்போது செயலாளர், ஐ.டி. கம்பெனியில் வேலை. "ஒரே கப் இனிமே ரிஸ்க். சின்ன கிளாஸுக்கு மாறிடலாமா? ஆன்ட்டி, உங்களுக்கு ஓகேவா?" என்று என்னைக் கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வந்த டீ ஆறுவதற்குள் அடுத்த விஷயத்துக்கு, டாய்லெட் ரிப்பேருக்குப் போய்விட்டோம்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"சண்டை ஒண்ணும் வரலயா?" என்று கேட்டாள்.

"வரலக்கா."

"ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல. கையைத் தூக்கினோம், முடிஞ்சிடுச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் பக்கத்தில் ஓசூர் ரோட்டு லாரிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"ஏண்டி, சித்தப்பா இருந்திருந்தா கை தூக்கியிருப்பாரா?"

தூக்கியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். மாட்டார் என்று சொல்லவும் தோன்றியது. "தெரியலக்கா" என்றேன்.

  இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும் வயது, அந்தச் சத்தம் மட்டும் போனில் போய்வந்துகொண்டிருந்தது. யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தோம்.